நெசவாளியின் தீவும் இரண்டு காகமும்

ஜிந்துப்பிட்டியில் நின்று கடலைப் பார்க்க ஆசைப்பட்டால், தெரிந்தவர் யார் வீட்டிலாவது மொட்டைமாடி ஏற வேண்டும். கீழே இறங்கி நடந்தால் செட்டியார் தெரு. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் ‘சீ ஸ்ட்ரீட்’, கடல் தெரு. அங்கே நகைக்கடை உண்டு, அடகுக்கடை உண்டு, கதிரேசன் கோவில் உண்டு, ஆடி மாதம் வேல் உண்டு. கடல் மட்டும் இல்லை. அது துறைமுகச் சுவருக்கும் அடுக்கிவைத்த கொண்டெய்னர்களுக்கும் பின்னால் ஒளிந்து எத்தனையோ காலமாயிற்று. ஊர்ப் பெயரும் அப்படியொன்றும் யோக்கியமானதல்ல. சான் தோமே என்ற போர்த்துக்கேய வாய்ப்பட்ட புனிதரின் பெயரோடு சிங்களப் ‘பிட்டிய’வை ஒட்டி, பிறகு தமிழர் நாங்கள் வெற்றிலைபோல மென்று துப்பியதுதான் ஜிந்துப்பிட்டி என்று சொல்வார்கள்.

அதனால் வேறொருவன் எங்கள் பட்டினத்தின் பெயரைக் கெடுத்து எழுதினால் கோபப்படும் தகுதி எங்களுக்கு இல்லை. மொரொக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா கொழும்பைக் ‘கலன்பு’ என்று எழுதியதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. என் வழக்கு வேறு. மனிதன் 1344இல் இங்கே வந்திருக்கிறான். இலங்கையின் அழகான பெரிய பட்டினங்களில் இது ஒன்று, கடலை ஆளும் ஜாலஸ்தி என்ற அமைச்சர் சுமார் 500 அபிசீனியர்களோடு இங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவ்வளவுதான், அடுத்த ஊருக்குப் போய்விட்டான். அதே மனிதன் சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் கண்ட குரங்குகளுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான் தெரியுமா? தலைவர் குரங்கு இலையால் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தடியூன்றி நின்று, நான்கு குரங்கு பணிவிடை செய்ய தர்பார் நடத்துகிறதாம். அட்டைக்கும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது: அது பாய்ந்து ஒட்டும், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் விழும், மரக்கத்தியால் சுரண்ட வேண்டும் என்று வைத்தியக் குறிப்பே இருக்கிறது. குரங்குக்கும் அட்டைக்கும் பின்னால்தான் கொழும்பு.

இந்தப் பகையை மனதில் வைத்துக்கொண்டுதான் அவனுடைய கடற்பயணத்தைச் சொல்லப்போகிறேன். நடுநிலைமையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்கதை சுருக்கமாக. 1304இல் தாஞ்சியரில் பிறந்தவன், 1325இல் மக்காவுக்கென்று புறப்பட்டான், திரும்ப மறந்துவிட்டான். டில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் நீதிபதி வேலை. சுல்தான் அவனைச் சீனச் சக்கரவர்த்திக்குத் தூதனாக அனுப்பினார். கோழிக்கோட்டில் பரிசுப் பொருள் ஏற்றிய கப்பலைப் புயல் அடித்து நொறுக்கியது. தூதர் அன்று கப்பலில் இல்லை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் நின்றவர். மிஞ்சியது பத்துப் பொற்காசும் ஒரு விரிப்பும். டில்லிக்குத் திரும்பினால் துக்ளக் கணக்குக் கேட்பார். துக்ளக் கணக்குக் கேட்கும் முறை ஊரறிந்தது. எனவே மாலைதீவு.

மாலைதீவில் சட்டம் படித்தவனுக்குப் பஞ்சம். பிடித்து நீதிபதியாக உட்கார வைத்தார்கள். அங்கே அவன் கண்ட பொருள்களில் ஒன்று எங்கள் வீட்டுக் குசினியில் இன்றைக்கும் இருக்கிறது. மீனைத் துண்டு போட்டு, கொஞ்சம் அவித்து, ஓலைக்கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறான். மாசிதான், வேறென்ன. நாங்கள் அதை இடித்துச் சம்பலில் போடுகிறோம். இப்னு பதூதா அதற்கும் தேங்காய்க்கும் தாம்பத்திய வாழ்வில் நிகரில்லாத பலன் உண்டு என்று, தன் வீட்டில் நான்கு மனைவியர் இருந்ததை ஆதாரமாகக் காட்டி, சான்றிதழ் கொடுக்கிறான். புறக்கோட்டை மாசி வியாபாரிகள் யாரும் இந்த விளம்பரத்தை இதுவரை பயன்படுத்தாதது எனக்கு ஆச்சரியம்.

நீதிபதியின் சீர்திருத்தங்கள் அவ்வளவு பலிக்கவில்லை. தீவுப் பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடுவதில்லை. உத்தரவு போட்டான், ஒருத்தியும் கேட்கவில்லை. கடைசியில் வழக்குக்கு வருகிறவர்கள் மட்டும் உடம்பை மூடிக்கொண்டு வந்தால் போதும் என்று இறங்கிவந்தான். அரசி கதீஜாவின் அமைச்சரோடும் முறுகல் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் புறப்படும்போது சும்மா புறப்படவில்லை. தீவின் படைத்தலைவரோடும் கடற்படைத் தலைவரோடும் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டான்: தமிழ்க் கரையில், மதுரையில் இருந்து ஆளும் சுல்தான் என் சகலன், அவரிடமிருந்து படை கொண்டுவருகிறேன், கப்பல்களில் வெள்ளைக்கொடி கண்டதும் நீங்கள் உள்ளேயிருந்து கிளம்புங்கள், பிறகு இந்தத் தீவுகளில் சுல்தானின் பிரதிநிதி நான்.

வெள்ளைக்கொடியைப் படையெடுப்புக்கு அடையாளமாக வைத்தவனை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அது போகட்டும். கப்பல் தேடித் தீவு தீவாகப் போய்க்கொண்டிருந்தபோது நடந்ததுதான் எனக்கு விஷயம்.

ஒரு சின்னத் தீவு வந்தது. சுற்றிவர முருகைக்கல், நடுவில் ஒரு கை மணல். மொத்தத் தீவுக்கும் ஒரே ஒரு வீடு. அதில் ஒரு நெசவாளி, மனைவி, பிள்ளைகள். சில தென்னை, சில வாழை. மீன்பிடிக்கவும் பக்கத்துத் தீவுக்குப் போய்வரவும் ஒரு குட்டித் தோணி. நிலத்துப் பறவை என்று பார்த்தால் இரண்டே இரண்டு காகம். கப்பல் கிட்ட வந்ததும் அந்த இரண்டும் எழும்பி வந்து மேலே வட்டமடித்தன. இரண்டாயிரம் காகம் கரையும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை வரும். இப்னு பதூதாவுக்கும் வந்தது, நெசவாளி மேல். சத்தியம் செய்து எழுதுகிறான்: இந்தத் தீவு எனக்குச் சொந்தமாக இருந்தால் இங்கேயே ஒதுங்கிச் சாகும்வரை இருந்துவிடுவேனே என்று.

எவ்வளவு அழகான ஏக்கம்! வாசிக்கிறவன் கண் கலங்கிவிடும். கலங்குவதற்கு முன் ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும். இதைச் சொல்லும் மனிதனின் மடியில் அதே தீவுகளைப் பிடிப்பதற்கான உடன்படிக்கை இருக்கிறது. நெசவாளியின் தென்னையை எண்ணிக்கொண்டு பெருமூச்சு விடும்போது, வெள்ளைக்கொடிக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்றும் யோசித்திருப்பான். நெசவாளியிடமே ஓடர் கொடுத்திருக்கலாம்.

ஆசைப்பட்ட தனிமையின் அடுத்த கட்டம் முலூக் தீவு. அங்கே 70 நாள் தங்கினான். துறவுக்கு ஒத்திகையாக இரண்டு கலியாணம் செய்துகொண்டான்.

முலூக்கில்தான் இப்ராஹிம் என்ற நகுதாவின் கப்பல் நின்றது. எங்கள் வடக்குத் துறைகளில் தண்டையல் என்போம். இந்தத் தண்டையலைப் பற்றித் தீவுக்காரருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. போகிற போக்கில் எங்களைக் கொள்ளையடித்துவிட்டுப் போவான் என்று பயந்து, புறப்படும் நாள்வரை கப்பலின் ஆயுதங்களைத் தாங்கள் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஆயுதச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்து, 1344 ஆகஸ்ட் 26ஆம் தேதி வாக்கில் பாய் விரித்தார்கள். போக வேண்டியது மாபார், அதாவது தமிழ்நாட்டுக் கீழைக்கரை. மூன்று நாள் ஓட்டம் என்றார்கள்.

கொழும்பில் திரீவீல்காரர் ‘கிட்டத்தான் சேர்’ என்று சொல்லுவதைக் கேட்டவர்களுக்கு அந்த மூன்று நாளின் பொருள் விளங்கும். ஒன்பது நாள் ஓடினார்கள். ஒன்பதாம் நாள் எதிரே வானத்தில் புகைத்தூண் மாதிரி ஒன்று தெரிந்தது. சிவனொளிபாத மலை. மாபாருக்கு என்று கிளம்பி இலங்கைக்கு வந்துவிட்டார்கள். சோழகமும் கச்சானும் அள்ளிக்கொண்டு போகும் மாதத்தில், வழி தெரிந்த ஆள் இல்லாமல் வந்தால் கரை உங்களைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் கரையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கரையைக் கண்டதும் மாலுமிகளுக்கு நடுக்கம். இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, ஆள் பொல்லாதவர், அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிக்கும் என்றார்கள். யார் சொல்கிறார்கள்? முலூக் தீவார் ஆயுதத்தைப் பறிக்கப் பார்த்த கப்பலின் ஆட்கள். யாழ்ப்பாணத்து ராஜாவுக்கு இந்தப் பட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

காற்று பலத்தது, வெளியே நிற்கவும் முடியவில்லை. அப்போது இப்னு பதூதா தன் உண்மையான தொழிலுக்கு வந்தான். என்னைக் கரையில் இறக்குங்கள், நான் அபயம் வாங்கித் தருகிறேன் என்றான். இறங்கிப் போய், நான் மாபார் சுல்தானின் சிநேகிதன், சகலன், அவரைப் பார்க்கத்தான் போகிறேன், கப்பலில் இருப்பதெல்லாம் அவருக்கான அன்பளிப்பு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். சகலன் என்ற உறவு தமிழ்ச் சமூகத்தில் எவ்வளவு பெரிய கடவுச்சீட்டு என்பதை மொரொக்கோக்காரன் எப்படியோ பிடித்துவிட்டான். பொய்யும் இல்லை. டில்லியில் அவன் கட்டிய மனைவியின் சகோதரியைத்தான் மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி கட்டியிருந்தார்.

இடம் புத்தளம், அவன் எழுத்தில் ‘பத்தாலா’. மரமதில், மரக்கோபுரம். கரை முழுக்கக் கறுவாமரம், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மலைபோல ஒதுக்கியிருந்தது. மாபார்க்காரரும் மலபார்க்காரரும் விலை கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போவார்கள், பதிலுக்கு ராஜாவுக்குத் துணிமணி பரிசாகக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இதே கறுவாவுக்காக நடத்திய கூத்தை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

‘பொல்லாத’ ராஜாவுக்குப் பாரசீக மொழி விளங்கும். தமிழ் ராஜாவும் தாஞ்சியர்க்காரனும் புத்தளத்தில் உட்கார்ந்து பாரசீகத்தில் கதை பேசியிருக்கிறார்கள். ராஜாவின் முத்துக்குளிப்பிலிருந்து அன்றைக்கு வந்த முத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்லது எங்காவது கண்டிருக்கிறாயா என்று ராஜா கேட்டார். மட்டமானதைத்தான் கண்டிருக்கிறேன் என்றான் இவன். சரியான பதில். அள்ளிக் கொடுத்துவிட்டார். உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தில் அகில் எண்ணெய் வைத்திருந்ததையும் கண்டு வாய் பிளந்திருக்கிறான். வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சிவனொளிபாத மலையில் ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றான். பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பரிவாரத்தில் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர். கொள்ளைக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் இப்படி அனுப்பிவைத்தார். தண்டையல் இப்ராஹிமோ, நீ வரும்வரை ஒரு வருஷமானாலும் காத்திருப்பேன் என்று புத்தளத்தில் ராஜாவின் விருந்தாளியாகக் குந்திவிட்டார். சும்மா சாப்பாடு கிடைத்தால் ஒரு வருஷம் என்ன, இரண்டு வருஷமும் காக்கலாம்.

மலையேறி இறங்கி, தேவேந்திரமுனை, காலி, பிறகு அந்த ஒற்றைவரிக் கொழும்பு, அங்கிருந்து மூன்று நாளில் புத்தளம். மறுபடி கப்பல்.

இனித்தான் கஷ்டகாலம். புத்தளத்துக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் கிடக்கிற கடலை வரைபடத்தில் பார்த்தால் வாய்க்கால் மாதிரி இருக்கும். அதில் இறங்கினவனுக்குத்தான் தெரியும். மேலே மன்னாரிலிருந்து இராமேஸ்வரம்வரை மணல்திட்டு திட்டாக ஆதாம் பாலம் குறுக்கே படுத்திருக்கிறது. எதிர்ப்பக்கம் தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம்வரை 21 சிறு தீவுகள், ஒவ்வொன்றையும் சுற்றி முருகைக்கல். மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கல்தரை தண்ணீருக்கடியில் எங்கே உயரும், எங்கே தாழும் என்பது பரம்பரையாகத் தொழில் செய்கிறவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. முத்துச்சிப்பி விளைவதும் பாரில், கப்பல் கிழிவதும் பாரில்.

இதற்கு இந்தக் கடலின் ஆட்கள் கண்ட வழியை இப்னு பதூதாவே மாலைதீவில் பார்த்து எழுதிவைத்திருக்கிறான். பலகையை ஆணி அடித்து இறுக்க மாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் தெறித்துப்போகும். தைத்த கப்பல் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், உடையாது. அதற்கான தென்னந்தும்புக் கயிறு மாலைதீவிலிருந்து இந்தியாவுக்கும் யேமனுக்கும் போனது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். ஆனால் கயிறு நெளிந்து கொடுக்கும், வழி சொல்லிக் கொடுக்காது. இந்தக் கப்பலில் வழி தெரிந்த ஆள் இல்லை. இத்தனை நாளும் ராஜா வீட்டுச் சோறு தின்ற தண்டையலுக்கு ஒரு புத்தளத்து ஓட்டியைக் கூட்டிக்கொண்டு வரத் தோன்றவில்லை.

காற்று எழுந்தது. தண்ணீர் உள்ளே வரப் பார்த்தது. பாறைகளுக்குக் கிட்டப் போய் நூலிழையில் தப்பினார்கள். தப்பிப் போனது ஆழமில்லாத இடத்துக்கு. கப்பல் தரை தட்டியது. பாரம் குறைக்கப் பாய்மரத்தை வெட்டிக் கடலில் போட்டார்கள். பலகைகளைக் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். கரை இரண்டு பர்ஸக் தூரம், பத்துக் கிலோமீற்றருக்கு மேலே.

இப்னு பதூதாவோடு இருந்தது இரண்டு தோழர்களும் இரண்டு அடிமைப் பெண்களும். பெரியவர் தெப்பத்தில் இறங்கப் போனார். எங்களை விட்டுவிட்டா போகிறாய் என்று தோழர்கள் கேட்டார்கள். வெட்கம் வந்துவிட்டது. சரி, நீங்கள் இருவரும் போங்கள், எனக்குப் பிரியமான பெண்ணையும் கூட்டிப்போங்கள் என்றான். பிரியமில்லாதவள் என்ன செய்வாள் என்பதற்கு அவனிடம் திட்டம் இல்லை. அவளிடம் இருந்தது. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்துக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருகிறேன் என்றாள். குதித்தாள், நீந்தினாள், கரை சேர்ந்தாள்.

சரக்கைப் பற்றி இருபது வரி எழுதத் தெரிந்தவன் அவள் பெயரை எழுதவில்லை. எந்த ஊர்க்காரி, எந்தத் தண்ணீரில் நீச்சல் பழகினாள், ஒன்றும் இல்லை. ஆனால் மாலைதீவிலிருந்து மாபார்வரை இந்தக் கதையில் கடலைக் கையாளத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தன் மாணிக்கத்தையும் முத்தையும் அம்பரையும் தெப்பத்தில் பத்திரமாக ஏற்றி அனுப்பியதை மட்டும் மறக்காமல் சொல்கிறான். காற்று வாக்காக இருந்தது, தெப்பம் கரைசேர்ந்தது.

இனித் தண்டையல். சுக்கானைக் கழற்றி, அதன்மேல் ஏறி, அவர் கரைக்குப் போய்விட்டார். பயணிகளை விட்டுவிட்டுப் போகும் தண்டையலைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் சுக்கானையும் சேர்த்துக் கொண்டுபோனார். ஒருவகையில் நியாயம்தான். அவர் கையில் இருந்தவரை அதனால் கப்பலுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

மிச்சமிருந்த மாலுமிகள் இன்னும் நான்கு தெப்பம் கட்டத் தொடங்கினார்கள். முடிவதற்குள் இருட்டிவிட்டது. தண்ணீர் ஏறியது. உலகம் சுற்றிய பெரியவர் கப்பலின் பின்பக்க மேல்தட்டில் ஏறி, விடியும்வரை குந்தியிருந்தார். அந்த இரவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நெசவாளியின் தீவு ஞாபகத்துக்கு வந்திருக்குமோ? ஆசைப்பட்டதற்கு மிகக் கிட்டவாக அன்றைக்குத்தான் வந்திருந்தான்: சுற்றிவரக் கடல், நடுவில் தனக்கென்று ஒரு துண்டு இடம், தொந்தரவு செய்ய ஒருவரும் இல்லை. வாழைதான் இல்லை.

விடிந்ததும் ஒரு வள்ளம் வந்தது. இரவெல்லாம் இவர்களை மிரட்டிய அதே தண்ணீரில் ஏதோ வாசலில் கோலம் போட வந்ததுபோல வந்திருப்பார்கள் கரையோரத் தமிழர்கள். ஏற்றிக் கரையில் விட்டார்கள். அவன் புத்தகத்தில் அவர்களுக்கு ‘காபிர்கள் சிலர்’ என்ற பெயர்தான் கிடைத்தது. பரவாயில்லை, பெயரில்லாத அந்த வரிசையில் நீச்சல்காரிக்குப் பக்கத்தில் நிற்பது கௌரவம்தான்.

கரையில் இறங்கியதும் மறுபடி பழைய மந்திரம்: நாங்கள் சுல்தானுக்கு வேண்டியவர்கள். சகலன் இரண்டு நாள் தூரத்தில் பாசறையில் இருந்தார், குதிரை அனுப்பினார். நனைந்த உடுப்பு காய்வதற்குள் இப்னு பதூதா மாலைதீவுக் கதையை எடுத்துவிட்டான். சுல்தானுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அரசியின் தங்கையை மணம்பேசுவது, அமைச்சர்களுக்குப் பட்டாடை, ஏழைகளுக்குத் தானமாக மூன்று கப்பல் சாமான் என்று பட்டியல் வளர்ந்தது. கடற்படைத் தளபதி குவாஜா சர்லக் வந்தார். மூன்று மாதத்துக்குத் தீவுப்பக்கம் போக முடியாது என்று ஒரே பேச்சில் கைவிரித்தார். இந்தக் கதையில் காற்றைப் பற்றிக் கேட்காமலே பதில் சொன்ன முதல் அதிகாரி.

மூன்று மாதம் நீண்ட காலம். யோகி ஒருவர் கொடுத்த வீரியக் குளிகையை, இரும்புத்தூள் கலந்ததாம், சுல்தான் அளவுக்கு மேலே விழுங்கிப் படுக்கையில் விழுந்தார், போய்ச் சேர்ந்தார். மாசிக் கருவாட்டோடு நிறுத்தியிருக்கலாம். பட்டத்துக்கு வந்த சகோதரன் மகன் கப்பல்களை அனுப்பச் சம்மதித்தார். அப்போது இப்னு பதூதாவுக்குக் காய்ச்சல் கண்டது. எழும்பியதும், போதும் என்று விடைபெற்றான்.

மேற்குக்கரையில் கப்பலேறி ஹொன்னாவருக்கும் பாக்கனூருக்கும் நடுவில் வரும்போது பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்தன. இவை ஆரியச்சக்கரவர்த்தியுடையவை அல்ல என்பதை யாழ்ப்பாணத்தார் சார்பில் குறித்துக்கொள்கிறேன். ஆரியச்சக்கரவர்த்தி கொடுத்த முத்தும் மாணிக்கமும்தான் போனவை. தெப்பத்தில் முதல் மரியாதையோடு கரைசேர்ந்த அதே மூட்டை. உடுப்பையும் உரிந்துகொண்டு, காற்சட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் கோலத்தில் கோழிக்கோடு போய்ப் பள்ளிவாசலில் நின்றான். ஒருவர் சட்டை அனுப்பினார், காதியார் தலைப்பாகை அனுப்பினார், வியாபாரி ஒருவர் இன்னொரு சட்டை கொடுத்தார்.

அந்த இரவல் உடுப்போடுதான் மாலைதீவுக்குத் திரும்பினான். படையும் இல்லை, வெள்ளைக்கொடியும் இல்லை. தான் போன பிறகு மனைவி ஒருத்திக்குப் பிறந்த மகனைப் பார்க்க வேண்டும் என்றான். கொண்டுவந்து காட்டினார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது. பார்த்தான். இது தாயோடு இங்கேயே இருப்பதுதான் நல்லது என்று திருப்பிக் கொடுத்தான். பிள்ளையைப் பற்றி அவன் எடுத்த முடிவுகளிலேயே மிக நல்லது இதுதான் என்பேன். ஐந்து நாளில் புறப்பட்டுவிட்டான். நெசவாளியின் தீவுப்பக்கம் போனதாக எழுத்தில்லை.

அங்கிருந்து வங்காளத்துக்கு 43 நாள் கடலில் போயிருக்கிறான். இலங்கையை எந்தப் பக்கமாவது சுற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். இந்தமுறை எங்களுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை.